எட்டாம் ஆளின் பிழைப்பு

கூடைப்பந்து அணியின் பட்டியலில் பன்னிரண்டு பெயர்கள் இருக்கும். ஐந்து பேர் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். நெருக்கமான ஆட்டத்தில் பயிற்சியாளர் நம்பிக் களமிறக்குவது எட்டுப் பேரையோ ஒன்பது பேரையோதான். ஊர் ஊராகப் போய் ஆடிச் சம்பாதிக்கும் ஆட்டக்காரனுக்கு உரியது அந்த எட்டாவது இடம். முதல் ஐவரை யாரும் எளிதில் மாற்றுவதில்லை. கடைசி மூவர் பெரும்பாலும் அந்த ஊர்ப் பையன்களாக இருப்பார்கள். எவருக்காவது கணுக்கால் பிசகி, அல்லது அலுவலகம் விடுப்புத் தர மறுத்து, ஒரு தொடருக்கு மட்டும் வெளியாள் தேவைப்படும்போது என்னைப் போன்றவர்களுக்குத் தொலைபேசி வரும். பாளையங்கோட்டையில் ஆடத் தொடங்கி, துறை அணி, தனியார் கிளப், லீக் என்று பல சட்டைகள் மாற்றி, முழங்கால் அனுமதித்த வரையில் இந்த வேலையைச் செய்தேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இதே வழியில் போக நினைக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான்: அணியின் எந்த ஓட்டையை அடைக்க அழைத்தார்கள் என்பதை அறிந்து அதை ஒழுங்காக அடைத்தால் அழைப்பு வந்துகொண்டே இருக்கும், ஆனால் அழைப்பு வந்துகொண்டே இருப்பது வேறு, பிழைப்பு நிலைப்பது வேறு.

இத்தகைய ஆட்டக்காரர்கள் அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.விலும் உண்டு. அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2010-ஆம் ஆண்டு இஷ் ஸ்மித் என்பவரை எந்த அணியும் எடுக்கவில்லை. பிறகு அவர் 13 அணிகளுக்கு ஆடினார். அந்த லீக்கில் இத்தனை அணிகளுக்கு ஆடியவர் அவருக்கு முன் எவரும் இல்லை. 2023-இல் டென்வர் நகட்ஸ் அணியோடு சாம்பியன் பட்டமும் பெற்றார். பத்து நாள் ஒப்பந்தம் என்று ஒன்று அங்கே உண்டு. சிம் புல்லர் என்ற ஏழடி ஐந்து அங்குலக்காரர் 2015 ஏப்ரலில் அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில்தான் சேக்ரமென்டோ கிங்ஸ் அணிக்கு இறங்கி, என்.பி.ஏ.வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளியினர் ஆனார். அதன் பிறகு அவர் பிழைப்பு தைவான் பக்கம் போயிற்று. அதே ஆண்டு ஜூனில் பஞ்சாபின் சத்னாம் சிங்கை டல்லாஸ் மேவரிக்ஸ் 52-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தபோது நம் ஊர்த் திடல்களில் அதைப் பற்றித்தான் பேச்சு, அவருக்கு என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்பதை அவ்வளவு பேசவில்லை. உச்சியில் உள்ளவர்களுக்கே நிலைமை இப்படி இருக்கும் தொழில் இது என்பதைப் பெற்றோர் முதலிலேயே அறிந்திருப்பது நல்லது.

நம் பக்கத்துப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பிலேயே ஆறடியை நெருங்கும் பையன் கிடைத்தால் அவனை நேராக ரிங்குக்குக் கீழே நிறுத்திவிடுவார்கள். என்னையும் நிறுத்தினார்கள். வளையம் இருப்பது 3.05 மீட்டர் உயரத்தில். மாவட்ட அளவில் கையைத் தூக்கினாலே ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்து, கையில் விழும். மாநில முகாமுக்குப் போகும் நாளில்தான் கதை மாறும். அங்கே ஆறடி ஐந்து அங்குலப் பையன்கள் பந்தைத் தட்டிக்கொண்டு காற்றாகப் பறப்பார்கள். ஆறடிக்காரனுக்கு, பந்தைத் தட்டி முன்னே கொண்டுபோகும் கார்ட் இடம் ஒன்றே மிஞ்சும். பந்தைத் தட்டத் தெரியாத கார்டை எவரும் எடுப்பதில்லை. நல்லவேளையாக, அண்ணா விளையாட்டரங்கில் எங்களைப் பயிற்றுவித்த அண்ணாச்சி ஒருவர் எனக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார். "ஏலே, நீ இதுக்கு மேல வளர மாட்ட. ஒங்க அப்பாவப் பாத்தாலே தெரியுது. நாளையிலேருந்து எடது கையால பந்தத் தட்டு." உயரமான பிள்ளைக்கு உடற்கல்வி ஆசிரியர் செய்யக்கூடிய பேருதவி, அவனை வாரத்தில் சில நாட்களாவது பந்தைக் கொண்டுசெல்லும் இடத்தில் ஆடவிடுவதுதான். பள்ளிக்குக் கோப்பை ஒன்று குறையலாம்; பையனுக்குப் பத்து ஆண்டு கூடும்.

கார்டாக மாறிய பின்னும் என்னைவிட வேகமாகப் பந்தைக் கொண்டுபோகிறவர்கள் எல்லா அணியிலும் இருந்தார்கள். ஆகவே நான் இரண்டு வேலைகளைப் பிடித்துக்கொண்டேன்: எதிரணியின் சிறந்த கார்டைச் சில நிமிடங்கள் அடக்கி வைப்பது, மூலையில் நின்று மூன்று புள்ளிக்கு எறிவது. இவ்விரண்டும் எந்த அணிக்கும் தேவைப்படும். அதைவிட முக்கியமாக, அணியின் நட்சத்திரம் கையிலிருக்கும் பந்தைப் பறிக்காமல் செய்யக்கூடிய வேலைகள் இவை. வெளியூரிலிருந்து வந்தவன் பந்தைக் கேட்டுக்கொண்டே இருந்தால் அடுத்த தொடருக்கு அழைப்பு வராது.

மூலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பன்னாட்டு விதியின்படி மூன்று புள்ளிக் கோடு வளைவில் 6.75 மீட்டர் தொலைவில் இருக்கும். மூலைகளில் அது நேர்க்கோடாகி, கூடையின் நடுக்கோட்டிலிருந்து 6.60 மீட்டரில் ஓடும். தொலைவு குறைவு என்பதால் மூலை எறிதல் சற்று எளிது. ஆனால் அந்தக் கோட்டுக்கும் பக்கவாட்டு எல்லைக்கும் நடுவே இருப்பது வெறும் 90 செ.மீ. பெரிய காலணி அணிந்தவன் பந்து வருவதற்கு முன்பே இரு பாதங்களையும் அந்த இடைவெளியில் பதித்திருக்க வேண்டும். பந்தைப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினால் எல்லைக்கு வெளியே, முன்வைத்தால் மூன்று இரண்டாகிவிடும். இதைக் கண்ணால் பார்த்துச் செய்ய நேரமிருக்காது. பாதம் அறிந்திருக்க வேண்டும். 2010-க்கு முன் இருந்த 6.25 மீட்டர்க் கோடு சில பழைய திடல்களில் இன்னும் அழியாமல் இருக்கிறது. அதை நம்பிப் பயிற்சி செய்தவனுக்குப் போட்டித் தளத்தில் பந்து வளையத்தின் முன்விளிம்பிலேயே இடித்து நிற்கும். அளவு நாடாவால் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்ள அரை மணி நேரம் ஆகும்.

தடுப்பாட்டத்தில் எட்டாம் ஆளுக்கு இன்னொரு பயன் உண்டு. ஒருவருக்கு ஐந்து ஃபவுல் ஆனால் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். அணியின் முதன்மைக் கார்ட் மூன்று ஃபவுலோடு தடுமாறும்போது அவருக்குப் பதிலாக இறங்குகிறவன் தன் ஐந்தையும் தாராளமாகச் செலவழிக்கலாம். ஆனால் கணக்குத் தெரிந்து செலவழிக்க வேண்டும். ஒரு கால்பகுதியில் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு யாரும் தடுக்காமல் எறியும் இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். நான்கு முடிந்தபின் நாம் செய்யும் அசட்டு ஃபவுல் இரண்டு புள்ளிகளைத் தட்டில் வைத்துக் கொடுப்பதாகும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நான் பார்த்ததெல்லாம் இரண்டு கணக்குகள்தான்: அணியின் ஃபவுல் எத்தனை, நான் பிடிக்கப் போகும் ஆள் எந்தக் கையால் தட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறான்.

புது அணிக்குப் போய் இறங்கும் நாளில் செய்ய வேண்டியது ஒன்றே. கல்யாண வீட்டுக்கு வெளியூரிலிருந்து வரும் தவசிப்பிள்ளை அடுப்பும் விறகும் எங்கே என்று முதலில் கேட்டுக்கொள்வதைப் போல, பயிற்சியாளரிடம் போவதற்கு முன் அந்த அணியின் ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டிடம் போய் உட்கார வேண்டும். நெருக்கடியில் எந்த ஆட்டமுறையை அழைப்பீர்கள், கையில் என்ன சைகை காட்டுவீர்கள், அதில் மூலையில் நிற்பவன் எப்போது நகர வேண்டும், எதிரணியினர் ஒருவர் குறுக்கே நின்று நம் வழியை மறிக்கும் ஸ்க்ரீன் வந்தால் ஆள் மாற்றுவீர்களா அல்லது பின்தொடர்வீர்களா, எல்லைக்கு வெளியிலிருந்து பந்தை யார் போடுவார். இவ்வளவையும் தேநீர்க் கடையில் உட்கார்ந்தே தெரிந்துகொள்ளலாம். எல்லா அணிகளும் ஆடுவது ஏறத்தாழ ஒரே பத்து முறைகளைத்தான். ஒவ்வோர் அணியும் அவற்றுக்கு வேறு பெயரும் வேறு சைகையும் வைத்திருக்கும். ஒரு முறையைத் தவறாக நினைவில் வைத்துக்கொண்டு ஓடுகிற விருந்தாளியால் மற்ற நால்வரும் நிலைகுலைவார்கள், அந்த நான்கு பேரும் அதை மறப்பதில்லை.

இனி பணத்தைப் பற்றி. இந்தியாவில் கூடைப்பந்து ஆடிச் சம்பளம் வாங்குகிறார் என்றால், பெரும்பாலும் அவர் ஏதோ ஒரு துறையின் ஊழியர் என்று பொருள்: ரயில்வே, வங்கி, காவல்துறை, வருமானவரி, சுங்கம். கிளப்புகள் அழைத்துப் போகும் கெஸ்ட் ஆட்டக்காரனுக்குப் பயணச் செலவு, தங்குமிடம், நாள்படி, தொடருக்கு இவ்வளவு என்று பேசிய தொகை, வென்றால் பரிசில் ஒரு பங்கு. கோடையில் பெரியகுளத்திலும் கோயம்புத்தூரிலும் நடக்கும் அகில இந்தியப் போட்டிகளைச் சுற்றித்தான் இந்தச் சந்தை சூடுபிடிக்கும். மே மாதம் முழுவதும் கையில் பணம் புழங்கும். அக்டோபர் முதல் ஜனவரி வரை, நம் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை பெய்து திறந்தவெளித் தளங்களில் தண்ணீர் நிற்கும் காலத்தில், வரவும் நின்றுவிடும். கோடைப் பணத்தைப் பன்னிரண்டு மாதத்துக்கு வகுத்துப் பார்க்காதவர் கார்த்திகையில் கடன் வாங்குவார்.

ஆனால் இந்தப் பிழைப்பின் உண்மையான சிக்கல் தொகையில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கோ படிப்புக்கோ போகும்போது கேட்கப்படுவது படிவங்கள்: நாட்டுக்காகப் பன்னாட்டுப் போட்டியில் ஆடியதற்கு முதல் படிவம், மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்கு இரண்டாவது, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்கு மூன்றாவது, பள்ளி விளையாட்டுக்கு நான்காவது. அகில இந்திய அழைப்புப் போட்டியில் சிறந்த ஆட்டக்காரர் பரிசு வாங்கினாலும், தனியார் லீக்கில் முழுப் பருவம் ஆடினாலும், இந்தப் படிவங்களில் ஒன்றுகூடக் கிடைக்காது. மாநில அணியில் பன்னிரண்டாவது ஆளாகப் போய், தேசியப் போட்டி முழுவதும் துண்டும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு இரண்டாம் படிவம் உண்டு. பணம் கிடைக்கும் இடத்தில் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் கிடைக்கும் இடத்தில் பணம் இல்லை. இருபத்து மூன்று வயதுக்குள் இந்த வாக்கியம் ஒருவனுக்குப் புரிந்துவிட வேண்டும்.

ஏன் இருபத்து மூன்று என்றால், ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு ஆள்சேர்ப்பில் வயது வரம்பு 18 முதல் 25 வரை; அதில் தளர்வு எதுவும் கிடையாது. திடலில் நடக்கும் தேர்வுக்கு 40 மதிப்பெண், விளையாட்டுச் சாதனைகளுக்கு 50, கல்வித் தகுதிக்கு 10. எவ்வளவு நன்றாக ஆடிக் காட்டினாலும், சாதனைப் பத்தியில் எழுதக் காகிதம் இல்லாதவன் பாதி மதிப்பெண்ணை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போகிறான். வங்கியா ரயில்வேயா என்பதிலும் யோசிக்க வேண்டியது உண்டு. தேசியப் போட்டியில் ரயில்வே தனி அணியாக ஆடும். அங்கே சேர்ந்தவர் தமிழ்நாட்டுச் சட்டையைக் கழற்றிவிட வேண்டும். வங்கியில் இருப்பவர் மாநிலத்துக்கே ஆடலாம். ரயில்வே அணியில் இடம்பிடிப்பது கடினம், பிடித்தவருக்குப் பதக்க வாய்ப்பு அதிகம். எது உகந்தது என்பது அவரவர் ஆடும் இடத்துக்கு அங்கே எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நான் ஒரு துறை அணியில் உதவித்தொகை பெற்று ஆடிக்கொண்டிருந்தேன். காலியிடம் அறிவிக்கப்படும், அறிவிக்கப்படும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அறிவிப்பு வந்தபோது நான் வயது வரம்பைக் கடந்திருந்தேன். அதிகாரி ஒருவர் "சர்வீஸ் எல்லாம் பார்ப்போம் தம்பி" என்றார். வாய்ச்சொல்லுக்கு வயதுத் தளர்வு கிடையாது. உதவித்தொகையில் ஆடுகிறவர்கள், ஒவ்வோர் ஆண்டும் எழுத்தில் ஒரு பதிலைக் கேட்டு வாங்க வேண்டும். அது வராவிட்டால் அந்த அணியில் இருந்துகொண்டே மற்ற துறைகளின் தேர்வுகளுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். இது துரோகமில்லை. அணி நிர்வாகமும் நமக்குப் பதில் ஓர் ஆளை எப்போதும் பார்த்துக்கொண்டேதான் இருக்கும்.

அதன் பிறகுதான் நான் முழுநேர ஊர்சுற்றி ஆனேன். 2015-இல் யூ.பி.ஏ. என்ற தனியார் லீக் தொடங்கியபோது, தொலைக்காட்சியில் முகம் தெரிந்தது என்று ஊரில் பெருமை. 2017-க்குப் பிறகு அது நடக்கவில்லை. 2022-இல் ஐ.என்.பி.எல். என்ற இன்னொரு லீக் வந்தது, சென்னை ஹீட் உள்ளிட்ட ஆறு அணிகளோடு. இடையில் மூவர் ஆடும் மூன்றுக்கு மூன்று ஆட்டம் வளர்ந்தது. அரைத்தளம், பத்து நிமிடம் அல்லது 21 புள்ளி, பந்தை எறிய 12 வினாடி. பயிற்சியாளர் வெளியிலிருந்து வழிகாட்டக் கூடாது. வயதேறிய, ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்த ஆளுக்கு இது ஏற்றது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்குவதைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் மாற்று ஆளையும் சேர்த்து நான்கு பேரே கொண்ட அணி என்பதால் போகவரச் செலவு குறைவு, ஒரு வார இறுதியில் தொடர் முடிந்துவிடும், வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடலாம்.

லீக் ஒப்பந்தம் எதுவானாலும் கையெழுத்திடுவதற்கு முன் நான் தேடிப் படித்த இடங்கள் சில உண்டு. தொகை எத்தனை தவணை, முதல் தவணை முகாமுக்குப் போகும் முன்பா பின்பா. ஆட்டத்தில் காயமடைந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, மீதிப் பருவத்தின் தொகை கிடைக்குமா. லீக் பாதியில் நின்றால் என்ன. பிடித்தம் செய்யும் வருமான வரியை என் பான் எண்ணில் செலுத்துகிறார்களா. இதை ஆண்டு முடிவில் வருமான வரித் துறை தரும் வரிப் பிடித்த அறிக்கையில் சரிபார்த்துவிடலாம், வரி வரம்புக்குக் கீழே வருமானம் உள்ளவர் கணக்குத் தாக்கல் செய்து அந்தப் பணத்தைத் திரும்பப் பெறலாம். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். வெளிநாட்டு வாய்ப்பு வந்தால் இரண்டு செய்திகள்: ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் ஆட்டக்காரருக்குப் பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா முறையிலான விடுவிப்புக் கடிதம் வேண்டும், சம்பளத் தகராறு வந்தால் சுவிட்சர்லாந்தில் உள்ள கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ஆனால் ஒப்பந்தத்தில் அதற்கான விதி எழுதப்பட்டிருந்தால் மட்டுமே. அம்ஜியோத் சிங்கும் அம்ரித்பால் சிங்கும் முதலில் ஜப்பானுக்குப் போய் ஆடிய பிறகுதான் அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று நகர்ந்தார்கள். நம்மவர்களுக்கு ஆசியாவின் சிறு லீக்குகள்தான் நடைமுறையில் திறக்கக்கூடிய கதவு.

உடம்பைப் பற்றி மருத்துவர்கள் சொல்வதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. தளத்தைப் பற்றிச் சொல்லலாம். நம் பக்கத்தில் நாம் வளர்வது சிமென்ட் தளத்தில். பெரிய போட்டிகள் நடப்பது மரத்தளத்தில். சிமென்ட் முழங்காலின் முன்தசைநாரைத் தின்றுவிடும். மரத்தளம் கால் வழுக்கிக் கணுக்காலைப் பிசகவைக்கும், காரணம் நாம் கொண்டுபோகும் காலணியின் அடிப்பாகம் சிமென்டில் உரசி மொழுமொழுவென்று ஆகியிருக்கும். ஆகவே இரண்டு ஜோடி வேண்டும். மரத்தளத்துக்கு உரியதைத் தெருவில்கூடப் போடக் கூடாது. விளக்கொளியில் நடக்கும் திறந்தவெளி ஆட்டங்களில் பத்து மணிக்கு மேல் பனி இறங்கிச் சிமென்ட் தளமும் வழுக்கும். ஈரத்துணியால் காலணியின் அடியைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வெட்டிப் பாய்வதைக் குறைத்து ஆடுவது உத்தமம். குதிப்பதைக் கணக்கிட்டுச் செலவு செய்ய வேண்டும். மேளம் கேட்டதும் வார்ம்-அப்பிலேயே குதித்துப் பந்தை வளையத்துக்குள் அழுத்தும் டங்க் அடித்துக் காட்டும் பையன்களைப் பார்த்தால் எனக்கு முழங்கால் வலிக்கும்.

பயணமும் உடம்பைச் சேர்ந்ததுதான். இரவு ஆட்டம் முடிந்து நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் உயரமானவனுக்குப் படுக்கை போதாது. மேல் படுக்கையில் நீட்டிய கால் நடைபாதையில் போகிறவர் தலையில் இடிக்கும், பக்கவாட்டுப் படுக்கையில் முழங்காலை மடக்கியே கிடக்க வேண்டும். மடக்கிய காலோடு பத்து மணி நேரம் கிடந்து, இறங்கிய அன்றே ஆடினால் பின்தொடைத் தசை பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் முன்னதாக வரவழைக்கச் சொல்லிக் கேட்பதற்கு நான் ஒருபோதும் கூச்சப்பட்டதில்லை. ஒரு நாள்படியை மிச்சம் பிடிக்க நினைக்கும் கிளப்புக்கு, தசை பிடித்த ஆள் எவ்வளவு செலவு வைப்பான் என்பதை எடுத்துச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள்.

வீட்டில் இந்தத் தொழிலுக்கு விளக்கம் சொல்வது எந்தத் தடுப்பாட்டத்தையும்விடக் கடினம். பெண் பார்க்கப் போன இடத்தில் பெரியவர் ஒருவர், "மாப்பிள்ளைக்கு என்ன சோலி?" என்றார். "பந்து வெளயாடுதாரு" என்று என் சித்தப்பா சொன்னார். "அது சரி, சோலி என்ன?" என்று அவர் மறுபடியும் கேட்டார். அவர் கேட்டதில் குற்றமில்லை. அந்த ஆண்டே உடற்கல்வி ஆசிரியருக்கான பி.பி.எட். படிப்பில் சேர்ந்தேன், இரண்டு ஆண்டுப் படிப்பு அது. ஆடிக்கொண்டே படிப்பது இயலும், ஆனால் முப்பது வயதுக்கு முன் தொடங்கிவிட வேண்டும். நடுவர் தேர்வையும் எழுதினேன். ஆட முடியாத மாதங்களில் விசில் ஊதி ஈட்டிய பணம், ஆடி ஈட்டியதைவிடச் சில ஆண்டுகளில் நிதானமாக வந்தது. எட்டாம் ஆளாக உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தே பழகியவனுக்கு நடுவர் வேலை பாதி தெரிந்ததுதான்.

போன மாதம் வள்ளியூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்திருந்தான். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணியில் தேர்வாகியிருக்கிறான். அதே நாட்களில் ஒரு தனியார் தொடரிலிருந்து நல்ல தொகைக்கு அழைப்பும் வந்திருக்கிறது. வீட்டில் கடன் இருக்கிறது. "அண்ணாச்சி, எதுக்குப் போவட்டும்?" என்றான். வயதைக் கேட்டேன், இருபத்தொன்று. கையிலிருக்கும் படிவங்களைக் கேட்டேன். பள்ளிக் காலத்தது ஒன்றுதான். மூன்றாம் படிவத்தை விட்டுவிட வேண்டாம் என்றேன். தனியார் தொடரின் அமைப்பாளருக்கு, பல்கலைக்கழகப் போட்டி முடிந்ததும் காலிறுதியிலிருந்து வந்து சேரலாமா, அதற்கு எவ்வளவு குறைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பச் சொன்னேன். எந்த இடத்துக்கு ஆள் இல்லாமல் அழைக்கிறார்கள் என்பதையும் கேட்கச் சொன்னேன். இரண்டாவது பாயின்ட் கார்டுக்கு என்றால் கட்டாயம் காத்திருப்பார்கள், ஏனென்றால் அந்த வட்டாரத்தில் பந்தைக் கொண்டுபோகத் தெரிந்த ஆள் குறைவு. அமைப்பாளர் பாதித் தொகைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார். பையன் முக்கால் கேட்டிருக்கிறான், பதிலுக்குக் காத்திருக்கிறோம்.